சோறு வீட்டில், பிடி களத்தில்

களக்காடு வந்த பிறகுதான் கண் விழித்தோம். இறங்க வேண்டிய இடம் சேரன்மகாதேவி. அது எப்போதோ பின்னால் போய்விட்டிருந்தது. ஏன் எழுப்பவில்லை என்று சத்யா அக்கா நடத்துனரிடம் சண்டைக்குப் போனார். அவர் சில்லறைப் பையை இடுப்பில் சரிசெய்துகொண்டே நிதானமாகச் சொன்னார்:

"தொண்டை கிழியக் கத்துனேம்மா. நீங்க ஒருத்தி தோள்ல ஒருத்தி சாஞ்சு, வாழத்தார் அடுக்குன மாதிரி கெடந்திய. சரி, களக்காட்டுப் பிள்ளைய போலன்னு விட்டுட்டேன்."

நாங்கள் தர்மபுரி மாவட்டத்துப் பெண்கள் கபடி அணி. பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து சேர்ந்தவர்கள். சத்யா அக்கா எங்கள் தலைவி. நான் மாதேஸ்வரி, பாடிப் போகிறவள். எதிரணிக் களத்துக்குள் 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போய், தொட்டுவிட்டு, பிடிபடாமல் திரும்புவது என் வேலை. பகலில் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலை வைத்த முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அந்தக் காலில்தான் சிக்கல். போன வருடம் ஒரு போட்டியில் வலது முழங்காலின் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆனது. மருத்துவர் ஆடலாம் என்று சொல்லி மாதங்கள் ஆகிவிட்டன. காலும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் யாராவது அதைப் பிடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. புறப்படும்போது சத்யா அக்கா சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். "இந்தப் போட்டியில பார்ப்போம் மாது. கால் நின்னா ஆடு. நிக்கலன்னா விசில எடுத்துக்கிட்டு எங்களுக்குப் பயிற்சி குடு. ரெண்டுங்கெட்டானா இருக்காத." ஆகவே திருநெல்வேலிச் சீமைக்கு மற்றவர்கள் கோப்பைக்காக வந்தார்கள். நான் ஒரு பதிலுக்காக வந்தேன்.

போட்டி நடத்துகிறவர்களுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் சிரிப்பு. "களக்காட்டுலயா இருக்கிய? நல்லதாப் போச்சு. நம்ம சாமுவேல் அண்ணாச்சி அசனத்துக்கு எலை எடுக்க அங்கனதான் வந்திருக்காரு. மார்க்கெட்டு வாசல்ல நில்லுங்க."

அசனம் என்பது இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் கோயில் பண்டிகையின்போது ஊர் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதையொட்டித்தான் கபடிப் போட்டியும். அரைமணி நேரத்தில் சாமுவேல் அண்ணாச்சியின் லோடு ஆட்டோ வந்தது. பின்னால் கட்டுக் கட்டாக வாழையிலை. ஐம்பது வயதுக்காரர், தலையில் ஈரத் துண்டு.

"ஏறுங்க பிள்ளைகளா. எலைமேல மட்டும் உக்காந்துராதீய. அதுல ஊரே சாப்பிடணும்."

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் வாழைத் தோப்பு. கொஞ்ச தூரம் போனதும் வயல். எங்கள் பக்கத்தில் பச்சை என்றால் மழைக்குப் பிறகு கொஞ்ச நாள் வந்துவிட்டுப் போகும் விருந்தாளி. இங்கே அது வீட்டுக்காரன் மாதிரிக் கால் நீட்டிக் கிடந்தது. காவிரி எங்களுக்கும் பக்கம்தான். ஆனால் அது பள்ளத்தில் ஓடும், எங்கள் நிலம் மேட்டில் பார்த்துக்கொண்டிருக்கும். தாமிரபரணியிலிருந்து பிரிந்த கால்வாய் ரோட்டை ஒட்டியே எங்களோடு வந்தது. அதில் ஒரு ஆள் எருமையைக் குளிப்பாட்டியபடியே கைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

வண்டியின் பின்பக்கத் திறப்பு வழியாகக் குனிந்து கேட்டால்தான் அண்ணாச்சி பேசுவது காதில் விழும். அவர் ஊர் வழக்கத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். வெளியூர் அணிகளை லாட்ஜிலோ பள்ளிக்கூடத்திலோ தங்க வைப்பதில்லை. சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு அணியையும் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். படுக்கை, சோறு எல்லாம் அந்த வீட்டுப் பொறுப்பு. போட்டி முடியும்வரை அந்த வீட்டார் தங்கள் விருந்தாளி அணிக்குத்தான் கை தட்ட வேண்டும்.

"மாத்திக் கத்துனா?" என்று கேட்டேன்.

"அடுத்த அசனம் வரைக்கும் கேலி பண்ணியே கொன்னுருவானுவ."

"உங்க ஊர் அணியோடவே நாங்க ஆட வேண்டி வந்தா?"

அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அதத்தாம்மா நானும் சீட்டு விழுந்ததுல இருந்து யோசிச்சுட்டு இருக்கேன். எம்பொண்ணு எஸ்தர்தான் எங்க ஊர் அணிக்கு லெஃப்ட் கார்னரு."

லெஃப்ட் கார்னர் என்றால் இடது மூலையில் நின்று, உள்ளே வருகிறவளின் கணுக்காலுக்குப் பாய்கிறவள். எங்கள் அணி மொத்தமும் என்னைப் பார்த்தது. நான் வாழைத் தோப்பைப் பார்த்தேன்.

*

வீட்டு வாசலில் அண்ணாச்சியின் மனைவி கிரேஸ் அத்தை மடியில் சொளகு, அதாவது முறம், வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சொளகை அப்படியே பக்கத்து வீட்டுக்காரியின் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தார். "வாங்க, வாங்க. எத்தன பேரு? ஏட்டி எஸ்தர், இன்னொரு படி போடு."

உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கோழிக் குழம்பு. தோல் நீக்காத கறுப்பு உளுந்தும் அரிசியும் சேர்த்து ஆக்கிய சோறு அது. பார்க்க என்னவோ போல இருந்தது. வாயில் வைத்ததும் எங்கள் சின்னவள் ஜோதி கண்ணை மூடிக்கொண்டாள். ராகிக் களி தின்று வளர்ந்த எங்களுக்கு வயிறு நிறைந்தது என்றால் என்ன என்று தெரியும். ஆனால் அத்தையின் கணக்கு வேறு. நாம் போதும் என்று சொல்லும் இடத்திலிருந்துதான் அவர் பரிமாறவே ஆரம்பிப்பார்.

"அத்தை, ஆடணும். இப்படித் தின்னா எழுந்திரிக்க முடியாது."

"எந்திரிக்கிறவ எதுக்குத் திங்கா? தின்னவ எதுக்கு எந்திரிக்கா? பேசாம சாப்பிடு."

எஸ்தர் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் வருடம். ஒல்லி. ஆனால் குழம்புச் சட்டியை இறக்கியபோது மணிக்கட்டைப் பார்த்தேன். அது பிடிக்கிறவளின் மணிக்கட்டு.

*

மறுநாள் காலை எஸ்தர் என்னை ஆற்றுக்குக் கூட்டிப்போனாள். பெண்கள் படித்துறையில் துவைக்கிற சத்தமும் பேச்சும் சரிக்குச் சரி. யார் மகளுக்கு எங்கே மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்று தண்ணீருக்குள் இறங்குவதற்குள் தெரிந்துகொண்டேன். தண்ணீர் குளிர்ந்து, அடியில் கிடக்கும் மணல் தெரிகிற மாதிரி ஓடியது. இத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தால் எங்கள் ஊர்க்காரிகள் முதலில் செய்வது குடத்தைத் தேடுவதுதான். நானும் தேடினேன்.

பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கியபோது எஸ்தர் தழும்பைப் பார்த்துவிட்டாள்.

"இது என்னக்கா?"

சொன்னேன். கிழிந்தது, தைத்தது, ஊன்றுகோலோடு வகுப்பெடுத்தது எல்லாவற்றையும். கேட்கிறவர்கள் கண் விரியச் சொல்வது எனக்குப் பழக்கம். கடைசியில், "இந்தக் கால் போச்சுன்னா நான் போனேன் எஸ்தர்" என்றும் சொல்லி வைத்தேன்.

"இப்பமும் வலிக்கா?"

"வலியெல்லாம் இல்ல."

திரும்பும்போது ஈரத் துணி வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் தூக்குவேன் என்றேன். "இருக்கட்டும்க்கா, படி வழுக்கும்" என்று சொல்லி ஒரு கையில் வாளியும் மறு கையில் என் முழங்கையுமாக ஏறினாள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு எங்களுக்கு இரண்டு ஆட்டம். இரண்டிலும் வென்றோம். கோயில் மைதானத்தில் மண்ணைக் கொத்தி, சலித்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஓர் ஆள் ஓயாமல் பேசினார். அவரை எல்லாரும் மைக் அண்ணாச்சி என்றார்கள். "தருமபுரிப் பிள்ளைய உள்ள வருதாவ... பாத்து, பாத்து... அவ்வளவுதான், தொட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாவ! சாமுவேல் வீட்டுச் சோறுல்லா பேசுது!"

புள்ளிகள் எடுத்தேன். கோட்டருகே நின்று கையை நீட்டி, ஆள் பாய்வதற்கு முன் திரும்பிவிடுவேன். எல்லாரும் முதுகில் தட்டினார்கள். சத்யா அக்கா மட்டும் தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி, "நல்லா ஓடற" என்றார். ஆடுகிறாய் என்று சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

பாடிப் போவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே மூச்சு. அது தீர்வதற்குள் திரும்ப வேண்டும். அந்த மூச்சுக்குள் வேறு நினைப்புக்கு இடமிருக்காது. பள்ளிக்கூடம், சம்பளம், எனக்கு எப்போது கல்யாணம் என்கிற வீட்டுப் பேச்சு எதுவும் கோட்டைத் தாண்டி என்னோடு வராது. கோயிலில் நின்று கண்ணை மூடினால் எனக்குச் செருப்பு ஞாபகம்தான் வரும். களத்தில் கண் திறந்திருக்கும்போதே மனம் ஒரு புள்ளியில் நிற்கும். சாமி என்று மற்றவர்கள் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பக்கத்து இடம் அதுதான். ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த மூச்சுக்குள் முழங்காலும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. கபடி, கபடி, முழங்கால், கபடி.

சாயங்காலம் கிரேஸ் அத்தை மிளகு போட்டு ஆட்டுக்கால் சாறு வைத்திருந்தார். எஸ்தர் சொல்லியிருக்கிறாள். "காலுக்குக் காலுதான் மருந்து. ஒரு சொட்டு வைக்கப்படாது." எனக்கு மட்டும் நாற்காலி வந்தது. என் தட்டு தேடி வந்தது. ஜோதி என் காதில், "அக்கா, எனக்கும் ஏதாவது ஒடிஞ்சா சொல்லு" என்றாள்.

*

மூன்றாம் நாள் ஞாயிறு. காலையில் ஊரே கோயிலுக்குள் இருந்தது. நாங்கள் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டோம். பின்பக்கம் அசனத்துக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். அண்டாக்களுக்குப் பக்கத்தில் ஆண்கள் கூட்டமாக வெங்காயம் உரித்துக்கொண்டு அழுதார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் இவ்வளவு பேர் சேர்ந்து அழுது நான் பார்த்ததில்லை.

கோயில் முடிந்து வெளியே வந்த எஸ்தரிடம், "என்ன, எங்களை ஜெயிக்கணும்னு வேண்டினியா?" என்று கேட்டேன். அரையிறுதியில் எங்களுக்கு எதிராக அவளுடைய அணிதான் வந்திருந்தது.

"சே, அதெல்லாம் இல்லக்கா. யாருக்கும் அடிபடக் கூடாதுன்னு."

வெயில் சாயத் தொடங்கியபோது ஆட்டம் ஆரம்பித்தது. நாங்கள் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். அவர்கள் வட்டமாக நின்று தலை குனிந்தார்கள். மைதானத்தைச் சுற்றி ஊர் முழுவதும் தன் பிள்ளைகளுக்காகக் கத்தியது. சாமுவேல் அண்ணாச்சியும் கிரேஸ் அத்தையும் மட்டும் எங்கள் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே சாமுவேலு, பெத்த பிள்ள அங்கன நிக்கா, தெரியுதா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

"தெரியுதுவே. அவளுக்குக் கத்த நீரு இருக்கீருல்லா. எனக்குச் சீட்டு இங்கன விழுந்திருக்கு!"

முதல் பாடு நான் போனேன். இடது மூலை. எஸ்தர் வளைந்து நின்றாள். காலை நீட்டினேன், அவள் கை வந்தது, தாமதமாக வந்தது, தொட்டுவிட்டுத் திரும்பினேன். மறுபடியும் போனேன். மறுபடியும் புள்ளி. மூன்றாவது முறை துணிந்து ஆழமாகவே போனேன். கோட்டருகே நின்று கை நீட்டும் ஆட்டமில்லை, பழைய ஆட்டம். அதற்கும் புள்ளி. மைக் அண்ணாச்சி என் பெயரைத் தெரிந்துகொண்டு, "மாதேஸ்வரி! மலையிறங்கி வந்த மாதேஸ்வரி!" என்று ராகம் போட்டார். எனக்குத் தலை கிறுகிறுத்தது. கால் வந்துவிட்டது, என் கால் திரும்பி வந்துவிட்டது என்று உடம்பெல்லாம் சொன்னது.

நான்காவது முறை திரும்புகிற வேகத்தில் என் வலது கணுக்கால் எஸ்தரின் கைக்குள் முழுசாகச் சிக்கியது. ஐந்து விரலும் சுற்றி வந்துவிட்டன. நான் விழப்போகிறேன் என்று தெரிந்து பல்லைக் கடித்தேன். கை திறந்தது.

நான் உதறவில்லை. வழுக்கவில்லை. பிடித்த கை தானாகத் திறந்தது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பிடிபட்ட தோலுக்குத் தெரியும்.

கோட்டைத் தொட்டுவிட்டு நின்றேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. எஸ்தரின் அணியில் ஒருத்தி அவளைப் பார்த்து, "ஏளா, என்ன பிடிக்க நீ? பூவா பறிக்க?" என்று சீறினாள். எஸ்தர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அதற்கு முந்தைய பாடுகளையெல்லாம் மனதில் திருப்பிப் பார்த்தேன். தாமதமாக வந்த கை. அரை மனதாக இருந்த பாய்ச்சல். எல்லாம் ஆட்டுக்கால் சாறு. எல்லாம் வாளி. நான் எடுத்தது புள்ளியில்லை, பரிமாறியதை வாங்கித் தின்றிருக்கிறேன்.

இடைவேளையில் நாங்கள் மூன்று புள்ளி முன்னிலை. எங்கள் அணி வட்டமாக நின்று கட்டிக்கொண்டது. நான் அதிலிருந்து விலகி, தண்ணீர் டிரம் பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்த எஸ்தரிடம் போனேன்.

"ஏன் விட்ட?"

"எதக்கா?"

"எஸ்தர். பன்னெண்டு வயசுல இருந்து பிடிபட்டுக்கிட்டு இருக்கேன். பிடிக்கறதுக்கும் விடறதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?"

அவள் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். குரல் தாழ்ந்தது. "நீங்கதான சொன்னிய, இந்தக் காலு போச்சுன்னா நான் போனேன்னு. எங்க வீட்டுல சாப்பிட்டுட்டு, எங்கையால அடிபட்டு நொண்டிட்டுப் போனியன்னா, நான் எப்படிக்கா ராத்திரி படுத்து உறங்குவேன்? எங்கம்மா என்னைய வீட்டுலதான் சேப்பாளா?"

"சோறு வீட்ல போடு. இங்க போடாத."

"கோவப்படாதீய."

"கோவம்தான். முக்கியமான காலுன்னுதான சொன்னேன், கண்ணாடின்னா சொன்னேன்? நீ பிடிக்கலன்னா அது நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியவே போறதில்ல. இதத் தெரிஞ்சுக்கத்தான் இவ்ளோ தூரம் வந்திருக்கேன்."

எஸ்தர் என் முழங்காலைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

"பிடிச்சா நெசமாத்தான் பிடிப்பேன். பொறவு அழப்படாது."

"அழுதா உங்கப்பா வெங்காயம் உரிக்கறாருன்னு சொல்லிக்கறேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் பாதியில் என் முதல் பாடு. நடுக்கோட்டைத் தாண்டியதும் தெரிந்தது, நிற்கிறவள் வேறு ஆள். தோள் இறங்கியிருந்தது. கண் என் இடுப்பில் இருந்தது. அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. கபடி, கபடி, முழங்கால். வெறுமனே கை நீட்டிவிட்டுத் திரும்பிவிடலாம். யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. நான் உள்ளே போனேன்.

காலை நீட்டியதும் பிடித்துவிட்டாள். பிடி என்றால் பிடி. கணுக்காலை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டாள். வலது கால் அவளிடம், நான் அந்தரத்தில். பக்கத்தில் நின்றவள் இடுப்பில் மோதினாள். முழங்கால் மடங்கியது, என் கனவுகளில் மடங்குகிற அதே பக்கமாக. முகம் மண்ணில் போய் விழுந்தது. மேலே ஒருத்தி, அவள் மேல் இன்னொருத்தி.

மைதானம் அமைதியானது. அந்த அமைதியில் கிரேஸ் அத்தையின் குரல் மட்டும் கேட்டது. "ஏட்டி மூதி! வீட்டுக்கு வந்த பிள்ளையையா இப்படிப் பிடிச்சு மாட்டுன? நீ வா வீட்டுக்கு!"

மேலே கிடந்தவர்கள் எழுந்தார்கள். நான் காலை நீட்டினேன். மடக்கினேன். மறுபடி நீட்டினேன். எழுந்து நின்றேன். கால் நின்றது. ஒரு குதி குதித்தேன், நின்றது. வாய்க்குள் மண்ணோடு சிரித்தேன். எஸ்தர் இன்னும் மண்டியிட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவுட். கைகாட்டிவிட்டு வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெஞ்சில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. என்னைக் கண்ணாடியாக்கியது இந்த முழங்கால் இல்லை. அது அதற்கு முன்பே நடந்துவிட்டது. நான் முதன்முதலாகப் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னைத் தண்ணீர் தூக்க விட்டதில்லை. தம்பிகள் விறகு சுமந்தார்கள், நான் பை சுமந்தேன். அம்மா எனக்கு மட்டும் விசிறிவிட்டுத் தூங்க வைத்தாள். 'படிக்கிற புள்ள' என்று சொல்லி என்னை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தார்கள். அந்த உயரம் எனக்குப் பெருமைதான், இன்றைக்கும் பெருமைதான். ஆனால் ஏழாம் வகுப்பில் முதல்முறையாகக் கபடிக் களத்தில் இறங்கியபோது, எதிரே நின்ற ஏழு பேரும் நான் யாரென்று பார்க்காமல் என் மேல் விழுந்தார்களே, அந்தச் சந்தோஷத்தை எனக்கு வீட்டில் யாரும் தந்ததில்லை. அதைத் தேடித்தான் இத்தனை வருடம் ஆடியிருக்கிறேன். தேடியது இதைத்தான் என்று ஒரு பெஞ்சில் மண் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் அணி ஒரு புள்ளி எடுத்ததும் நான் மறுபடி உள்ளே போனேன். அதன் பிறகு நடந்ததைத்தான் ஆட்டம் என்று சொல்வேன். நான் எஸ்தரை இரண்டு முறை தொட்டு வெளியேற்றினேன். அவள் என்னை மறுபடி ஒருமுறை சாய்த்தாள். மைக் அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது. "ஏலே, இது கபடியாலே, பழைய பகையாலே!" என்று கரகரத்தார். மூச்சுக்குள் கபடி மட்டும் இருந்தது. வேறு யாரும் கூட வரவில்லை.

கடைசிப் பாடு. நாங்கள் ஒரு புள்ளி பின்னால். சத்யா அக்கா, "வலது மூலைக்குப் போ, அவ களைச்சுட்டா" என்றார். போனேன். வலது மூலைக்காரியைத் தொட்டேன். திரும்பிக் கோட்டை எட்டினால் தோல்வியில்லை. இரண்டு எட்டுதான். அப்போது பின்னாலிருந்து எஸ்தர் களத்தின் அகலத்தையே தாண்டி வந்து விழுந்தாள். அதே கணுக்கால். நான் இடது காலால் மண்ணை உதைத்து அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். இன்னொருத்தி முதுகில் ஏறினாள். விழுந்த பிறகும் பாடிக்கொண்டே ஊர்ந்தேன். கையை நீட்டினேன். சுண்ணாம்புக் கோடு கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகத் தெரிந்தது, அதன் துகள்கூட விரல் நகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. மூச்சு தீர்ந்தது.

தோற்றோம்.

ஊர் களத்துக்குள் பாய்ந்து தன் பிள்ளைகளைத் தூக்கியது. ஒரு மூலையில் சாமுவேல் அண்ணாச்சி மட்டும் கையைத் தூக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். கூட்டத்தில் அந்தப் பழைய குரல் விடவில்லை: "சாமுவேலு, ஆட்டம் முடிஞ்சுட்டுவே! இனிமே உம்ம பிள்ளைக்குக் கை தட்டலாம், சட்டத்துல எடமிருக்கு!" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலில் எங்களிடம் வந்தார். எல்லார் தலையையும் தொட்டார். அதற்குப் பிறகுதான் மகளிடம் போனார்.

இறுதிப் போட்டியில் எஸ்தர் அணியும் தோற்றது. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். கோயிலைச் சுற்றி வரிசை வரிசையாக ஊரும் வெளியூரும் தரையில் உட்கார்ந்தன. சோறும் கறிக் குழம்பும் வாளி வாளியாக வந்தன. எனக்கு நாற்காலி கொண்டுவரவா என்று யாரோ கேட்டார்கள். கிரேஸ் அத்தை முந்திக்கொண்டார். "எதுக்கு? அவளுக்கு என்ன கேடு? கீழ உக்காருவா."

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எஸ்தர், மறு பக்கம் சத்யா அக்கா. அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "விசிலை என்ன பண்றது?" என்றார்.

"ஜோதிகிட்ட குடுங்க. அவளுக்குத்தான் ஏதாவது ஒடியணும்னு ஆசை."

மறுநாள் காலை சேரன்மகாதேவிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். வண்டி வந்தது. படி உயரம். மேலப்பாளையத்துக்குப் போகிற ஓர் அம்மா, கறுப்புப் புர்கா, கையில் கூடை, எனக்கு முன்னால் ஏறிவிட்டுத் திரும்பினார். என் இரண்டு முழங்காலிலும் சிராய்ப்பு, இரண்டு கணுக்காலும் வீக்கம், முழங்கையில் பிளாஸ்திரி. அவருக்கு மனது கேட்கவில்லை. கையை நீட்டினார்.

"அல்லாவே, என்ன பிள்ள இது? பைய ஏறு. எந்தக் காலு முடியாத காலு? அத முதல்ல ஊணாத."

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு கால் ஏற்கனவே படியில் இருந்தது, உடம்பின் பாரம் மொத்தமும் அதன் மேல் இருந்தது. எது என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

வலது கால்.

"அப்படி எதுவும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, அதையே ஊன்றி ஏறினேன்.